கட்டிலில் கிடப்பவர் நோயாளி

மானுடத்தின் பிணி தீர்க்கும் நெடும் பயணத்தில் அன்று காலை ஒரு புதிய யுகம் பிறந்தது. ஒலிபெருக்கி அப்படித்தான் சொன்னது. அப்போது நான் என் மச்சினன் பால்வண்ணத்தின் கட்டிலில் படுத்திருந்தேன். அவன் வடை வாங்கப் போயிருந்தான்.

பால்வண்ணத்துக்குப் பித்தப்பையில் கல். அதை எடுப்பதற்காக வைரமுடி மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். துணைக்கு நான். துணைக்கு இருப்பவனின் இடம் கட்டிலுக்கு அடியில், பாயில். நோயாளி எழுந்து போனால் துணைக்கு இருப்பவன் கட்டிலில் கொஞ்சம் முதுகைச் சாய்ப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ள வழக்கம். நர்ஸுகள் கண்டும் காணாமல் போவார்கள். நானும் கொஞ்சம்தான் சாய்ந்தேன்.

"வைரமுடி மருத்துவமனையும் எதிரிலுள்ள ஒளிமதி மருத்துவமனையும் இக்கணம் முதல் ஒன்று," என்றது ஒலிபெருக்கி. "இக்கணத்தில் கட்டிலில் கிடப்பவர் நோயாளி. மற்றவர்கள் மற்றவர்கள்."

கட்டடம் கொஞ்சம் நகர்ந்தது. மேஜைமேல் இருந்த ப்ளாஸ்க் ஆடி நின்றது. சிஸ்டர் ஜெபமணி வந்து என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்.

"சிஸ்டர், நான் நோயாளி இல்ல. துணைக்கு வந்தவன்."

"எந்திரிக்காதீங்க. இப்பத்தான் நோயாளி ஆகியிருக்கீங்க. ஆரம்பத்துல ஜாக்கிரதையா இருக்கணும்."

"என் மச்சினன் வெளியே போயிருக்கான். அவனுக்குத்தான் கல்லு."

"எங்க போயிருக்காரு?"

"வடைக்கடைக்கு."

"பித்தப்பையில கல்லு இருக்கறவர் வடைக்கடைக்குப் போவாரா சார்?"

நியாயமான கேள்வி. நான் அதை அவனிடமே பலமுறை கேட்டிருக்கிறேன்.

இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவே இருந்த சாலை இப்போது வராந்தா. டவுன் பஸ் வழக்கம்போல அதில் வந்தது. அமைதி காக்கவும் என்று பலகை இருந்ததால் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். ஒரு விரலை ஆட்டினார். பஸ் நின்றது. ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கண்டக்டர் இரண்டு விரலை ஆட்டினார். பஸ் காய்ச்சல் வார்டைத் தாண்டிப் போனது. அவர் கன்னம் உப்பியே இருந்தது. இருபது வருடம் ஊதிய மனிதர். பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

சாலையோரம் இருந்த வடைக்கடையும் உள்ளே வந்துவிட்டது. ஆகவே பால்வண்ணம் வெளியே போகாமலே திரும்பி வந்தான்.

"அத்தான், சூடா இருக்கு, இந்தாங்க. என்ன அது கைல, புது வாட்ச்சா?"

"பட்டை. நான் நோயாளி ஆயிட்டேன் மாப்ளே."

"அப்ப நான் யாரு?"

சிஸ்டர் ஜெபமணி அவன் கழுத்தில் ஒரு அட்டெண்டர் பாஸை மாட்டினார். கயிற்றில் கோத்த அட்டை. ஒரு கல்யாணப் பத்திரிகை அளவு இருந்தது. பால்வண்ணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அத்தான், இத மாட்டிக்கிட்டு எங்கன வேணும்னாலும் போலாம்லா?"

"போலாம்."

"யாரும் பத்தியம்னு சொல்ல மாட்டாவல்லா?"

"அட்டெண்டருக்கு என்ன பத்தியம்?"

அவன் இன்னொரு வடை வாங்கப் போனான்.

அந்த வடைக்குப் பிறகு வலி வந்தது. பால்வண்ணம் கட்டிலுக்கு அடியில் பாயில் சுருண்டு, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினான். சிஸ்டர் ஓடி வந்து குனிந்து என்னைக் கேட்டார்.

"ரொம்ப வலிக்குதா?"

"எனக்கில்ல. கீழே."

"கீழேன்னா எங்க, தொடையிலயா?"

"பாயில. அவனுக்கு."

சிஸ்டர் கீழே பார்த்தார். அவருக்கும் பரிதாபமாகத்தான் இருந்தது. "அட்டெண்டருக்கு வலிச்சா நோயாளிக்குத்தான் சார் ஊசி போடலாம். அவருக்குப் போட வழியில்ல," என்றார். எனக்கு ஊசி போட்டார். வெகு சுகமாக இருந்தது. பால்வண்ணம் விடியும்வரை முனகியதை நான் அரைத் தூக்கத்தில் கேட்டேன்.

காலையில் என் மனைவி கோமு போன் செய்தாள். பால்வண்ணம் அவளுக்கு ஒரே தம்பி.

"தம்பி எப்படி இருக்கான்?"

"கீழே இருக்கான்."

"கீழேன்னா?"

"பாயில."

"ஆபரேஷன் ஆகப்போற புள்ளையப் பாயில போட்டுட்டு நீங்க என்ன செய்திய?"

"கட்டில்ல கெடக்கேன்."

"கட்டின நாள்லேருந்தே உங்களுக்கு முதுகச் சாய்க்க ஒரு எடம் கெடச்சாப் போதும்," என்றாள். "இந்தா பாருங்க. அந்தக் கல்லு இன்னும் தங்கிச்சுன்னா பை வெடிச்சிரும்னு நம்ம ஊரு டாக்டரு சொல்லிருக்காரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவன் வயித்துலருந்து அத எடுக்காம ரெண்டு பேரும் வீட்டுப்படி ஏறப்படாது. நான் வியாழக்கெழம வருதேன். பஸ்ஸு ஆஸ்பத்திரி பக்கம் நிக்குமா?"

"உள்ளயே நிக்குது," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

*

ஆஸ்பத்திரியின் இலக்கு காலை இட்லியில் வரும். இட்லித் தட்டின் குழிகளில் எழுத்து வெட்டியிருந்தார்கள். வைரமுடி தனியாக இருந்த காலத்தில் இட்லியில் 'குணப்படுத்துவோம்' என்று இருந்தது. எழுத்து அதிகம் என்பதால் இட்லி பெரிதாக இருக்கும். இணைப்புக்கு மறுநாள் 'முதலிடம்' என்று வந்தது. இட்லி சிறுத்துவிட்டது. மீந்துபோன குணப்படுத்துவோமை உதிர்த்து, கடுகு தாளித்து, சாயங்காலம் உப்புமாவாகக் கொடுத்தார்கள்.

"ஊர்ல இருந்ததே ரெண்டு ஆஸ்பத்திரிதான். அதுவும் ஒண்ணாயிடுச்சு. இனிமே யாரை முந்தறது?" என்று சிஸ்டரைக் கேட்டேன்.

"அதான் சார் மேலே எல்லாரும் சோகமா இருக்காங்க. முதலிடம் வந்தாச்சு. பக்கத்துல யாரும் இல்ல."

நான் தவறைத் திருத்தக் கிளம்பினேன். இணைப்பு அலுவலகம் வராந்தாவின் அந்தக் கடைசியில் இருந்தது. வராந்தா தினமும் நீண்டுகொண்டிருந்தது. நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் இல்லை என்றார்கள். பஸ் ஏறினேன்.

வழியில் வரவேற்பறை வந்தது. வைரமுடியின் பிள்ளையாரும் ஒளிமதியின் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே முதலில் வணங்கப்பட வேண்டியவர்கள். தேங்காயை ஓங்கிய கையோடு ஒருவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இணைப்பு அதிகாரி இரண்டு பேர். இணைக்கப்பட்டு ஒருவராகியிருந்தார்கள். இடது பாதி வைரமுடியின் சாரநாதன். வலது பாதி ஒளிமதியின் பிச்சைக்கண்ணு. நடுவில் ஒரு மீசை. சட்டை மட்டும் இன்னும் தைத்து வரவில்லை என்பதால் இரண்டு சட்டைகளைச் சேர்த்து ஊக்கு குத்தியிருந்தார்.

"உக்காருங்க," என்றது இடது பக்கம்.

"நிக்கட்டும்," என்றது வலது பக்கம்.

நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். பால்வண்ணத்தின் கல்லைப் பற்றியும் வடையைப் பற்றியும் சொன்னேன்.

"அதாவது நீங்க நோயாளி இல்லைங்கிறீங்க," என்றார் சாரநாதன்.

"ஆமா."

"எல்லா நோயாளியும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் பிச்சைக்கண்ணு.

"சார், அவனுக்கு வலிக்குது. பை வெடிச்சிரும்கறாங்க. எதுக்கு சார் இப்படி இணைச்சீங்க?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். அது ஒரே பெருமூச்சாக வந்தது. அந்த ஒன்றில் மட்டும் இணைப்பு முழுமையடைந்திருந்தது.

"இவங்க ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கினாங்க," என்றார் சாரநாதன், தன் வலது தோளைக் காட்டி.

"இவங்க அதைவிடப் பெருசா வாங்கினாங்க," என்றார் பிச்சைக்கண்ணு.

"இவங்க சும்மா இருந்தாங்களா? கூரையைப் பிரிச்சு இறக்கற அளவுக்கு ஒண்ணு வாங்கினாங்க."

"இவங்க அதுக்கு மேல. கடைசியில ஊர்ல எல்லாரையும் ஸ்கேன் எடுத்தாச்சு. மாட்டையும் எடுத்தாச்சு. உள்ள அனுப்ப ஆளில்ல. அதனாலதான் இணைஞ்சோம்."

"இணைஞ்சப்புறம்?"

"இப்ப எங்ககிட்ட ரெண்டு பெரிய மெஷின் இருக்கு," என்றார்கள் இருவரும். "ஊர்தான் சின்னது."

மேஜைமேல் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவர்கள் அதைத் தொடவில்லை.

"என் மச்சினனைத் திரும்ப நோயாளியாக்கணும் சார்."

"இப்ப முடியாது. இணைப்புங்கறது கல்யாணம் மாதிரி. கட்டில் எண்ணிக்கைதான் ஜாதகம். தாலி கட்டினப்புறம் ஜாதகத்தைத் திருத்துவீங்களா?" என்றார் சாரநாதன்.

"அடுத்த இணைப்பு வரும்," என்றார் பிச்சைக்கண்ணு. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒலிபெருக்கி சொல்ற நேரத்துல கட்டில்ல அவர் கிடக்கட்டும். அவ்வளவுதான்."

"இதை ஏன் அவர்கிட்ட சொல்றீங்க?" என்றார் சாரநாதன்.

"பாவம்யா."

சாரநாதன் தன் வலது கன்னத்தை முறைக்க முயன்றார். மீசைதான் கோணியது.

*

மறுநாள் இட்லியில் 'கட்டில்கள் நிரம்பட்டும்' என்று இருந்தது. பஸ்ஸில் வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து அழைத்துப் படுக்க வைத்தார்கள். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்களையும் படுக்க வைத்தார்கள். அவரவர் பழத்தை அவரவரே சாப்பிட்டார்கள். பால்வண்ணத்துக்கும் ஒரு கட்டில் கிடைத்துவிடும் என்று நான் நம்பினேன்.

"ஒருத்தராவது நிக்கணும் சார்," என்றார் சிஸ்டர். "காபி வாங்க ஆள் வேணாமா?"

அன்று வார்டு முழுவதற்கும் பால்வண்ணம்தான் அட்டெண்டர். கழுத்தில் பாஸும் இரண்டு கையிலும் ப்ளாஸ்க்குமாக, விலாவைப் பிடிக்கக் கை இல்லாமல் நடந்தான். முதல் நாள் இருந்த சந்தோஷம் இப்போது அவன் முகத்தில் இல்லை. நான் எழுந்து உதவப் போனேன். சிஸ்டர் என்னைப் படுக்க வைத்தார்.

அடுத்த நாள் 'கட்டில்கள் காலியாகட்டும்'. எல்லாரையும் எழுப்பி, குணமாகிவிட்டது என்று கைகுலுக்கி, பஸ் ஏற்றினார்கள். உண்மையிலேயே நோயோடு வந்த இரண்டு பேர் அழுதார்கள். என்னை மட்டும் அனுப்பவில்லை. எனக்கு ஆபரேஷன் பாக்கி இருந்தது.

அதற்கு அடுத்த நாள் 'சிக்கனம்'. இட்லியை மெல்லியதாக வெட்டியிருந்தார்கள். அட்டெண்டர் பாஸ்களைத் திரும்ப வாங்கி, கத்தரித்துக் கொடுத்தார்கள். பால்வண்ணத்தின் கழுத்தில் இருந்தது தீப்பெட்டி லேபிள் அளவுக்கு வந்துவிட்டது. கயிறு மட்டும் பழைய நீளம்.

"அத்தான், இவங்களுக்கு என்னதான் வேணும்?" என்றான் பால்வண்ணம். பாயில் குப்புறப் படுத்திருந்தான். அப்படிப் படுத்தால்தான் வலி கொஞ்சம் அடங்குகிறதாம்.

"தெரியல மாப்ளே. சாயங்காலம் உப்புமா தின்னு பாரு. எல்லாம் கலந்து வரும்."

"நான் வடைய விட்டுட்டேன் அத்தான்."

பால்வண்ணம் வடையை விட்டான் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

*

அடுத்த இணைப்பு ருக்மணி ராஜப்பா மகாலோடு நடந்தது. அது பக்கத்துத் தெருவில் இருந்த கல்யாண மண்டபம். நீண்டகால நோக்கின் அடிப்படையில் இந்த இணைப்பு நிகழ்வதாக ஒலிபெருக்கி முன்கூட்டியே சொல்லிவந்தது. சிஸ்டர் ஜெபமணி எனக்கு விளக்கினார். வைரமுடிக்கு ஒரு தலைவர். ஒளிமதிக்கு ஒரு தலைவர். இணைந்தபின் தலைவர் நாற்காலி ஒன்றுதான். இருவரும் இத்தனை நாளும் அதில் பாதிப்பாதி உட்கார்ந்திருந்தார்கள். மகாலில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார ஜோடி சிம்மாசனம் இருக்கிறது. சிவப்பு வெல்வெட் போட்டது.

"அதுக்காகவா ஒரு மண்டபத்தையே?"

"பார்க்கிங்கும் இருக்குல்ல சார்," என்றார்.

பெயர் நீண்டுவிட்டது. ஒரு ஆம்புலன்ஸில் எழுத இடம் போதவில்லை. மீதியை அடுத்த ஆம்புலன்ஸில் எழுதினார்கள். அன்றிலிருந்து யாருக்கு என்ன ஆனாலும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். பின்னால் போவதில் எப்போதும் யாரும் இல்லை.

இணைப்பு நாள் காலையில் நாங்கள் தயாராக இருந்தோம். பால்வண்ணத்தைக் கட்டிலில் ஏற்றி, போர்வை போர்த்தி, நான் பாயில் உட்கார்ந்துகொண்டேன். பித்தப்பை இருக்கும் பக்கத்தைத் தட்டிக் கொடுத்தேன். அவன் வெறும் வயிற்றோடு, நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக் கிடந்தான்.

இட்லி வந்தது. 'நோயாளியே மையம்' என்று இருந்தது.

உடனே நான்கு பேர் வந்து கட்டிலை இழுத்துக்கொண்டு போய் வராந்தாவின் மையத்தில் போட்டார்கள். அங்கே பஸ் வந்துகொண்டிருந்தது. ஹாரன் இல்லை. விசிலும் இல்லை. கண்டக்டர் எல்லா விரல்களையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ அத்தான், பஸ்ஸு!" என்று பால்வண்ணம் குதித்து ஓடினான்.

கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது. அது பஸ்ஸை நோக்கியே உருண்டது. நான் அதைப் பிடிக்கப் பாய்ந்தேன். பிடித்தேன். ஆனால் குப்புற அதன்மேல் விழுந்துதான் பிடித்தேன்.

"இக்கணத்தில் கட்டிலில் கிடப்பவர் நோயாளி," என்றது ஒலிபெருக்கி.

பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பால்வண்ணம் வடைக்கடைத் தூணைக் கட்டிப்பிடித்து நின்றான். எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

"பரவால்ல மாப்ளே. பஸ்ஸுன்னா எவனும் ஓடத்தான் செய்வான்."

"நீங்க ஓடலையே அத்தான்."

"நான் விழுந்துட்டேன்."

*

என் ஆபரேஷனை வியாழக்கிழமை முகூர்த்தத்தில் வைத்தார்கள். மகாலோடு இணைந்தபின் எல்லா ஆபரேஷனும் முகூர்த்தத்தில்தான். பெரிய டாக்டர் வந்து என் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கல்லு தட்டுப்படலையே," என்றார்.

"இருக்காது டாக்டர். அது இவன்கிட்ட இருக்கு."

டாக்டர் பால்வண்ணத்தைப் பார்த்தார். அவன் கண் மஞ்சளாகியிருந்தது. டாக்டருக்கு அது தெரிந்தது. அவர் அவன் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு அவன் கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அட்டெண்டரை நான் தொடக்கூடாது," என்றார். "ஒரு காலத்துல நான் யாரை வேணும்னாலும் தொடுவேன். குணப்படுத்துவோம்னு இட்லி வந்த காலம்." அவர் என் வயிற்றைப் போர்வையால் மூடினார். "உங்க பித்தப்பை நல்லா இருக்கு. எடுக்கறதுக்குச் சிரமமே இருக்காது."

நான் மறுபடி பஸ் ஏறினேன். தேங்காய்க்காரர் இன்னும் கையை ஓங்கியபடி நின்றார். யாரோ அவர் முழங்கைக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குப் பிரிக்கறாங்க," என்றார் சாரநாதன்.

"எதை?"

"எல்லாத்தையும். நாளைக்கு இட்லியில 'தனித்தன்மை'ன்னு வரும். வைரமுடி தனி, ஒளிமதி தனி, மகால் தனி. ரெண்டு ஆஸ்பத்திரி இருந்தா போட்டி வரும், போட்டி வந்தா வளர்ச்சி வரும்னு மேலே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார்."

"முன்னாடி அப்படித்தானே இருந்தது?"

"அது பழைய தனித்தன்மை," என்றார் பிச்சைக்கண்ணு. "இது புதுசு."

"ஒலிபெருக்கியில சொல்லுவாங்களா? அதே மாதிரி?"

"அதே மாதிரி. கட்டில்ல கிடப்பவர் நோயாளி. ஆனா மேலங்கியும் பட்டையும் சரியா இருக்கணும். போன தடவை பஸ்ல வந்த ஆளுங்க கட்டில்ல படுத்து ஏமாத்திட்டாங்களாம்." பிச்சைக்கண்ணு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க வெளி ஆள்."

"கேளுங்க சார்."

"இந்த மீசை யாரோடதுன்னு உங்களுக்குத் தோணுது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கண். நான் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது. வலது பக்கம் முறுக்கியிருந்தது.

"ரெண்டு பேருக்கும் நல்லா இருக்கு," என்றேன்.

அவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் வெளியே வந்த பிறகும் உள்ளே மெதுவாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதில் கோபம் இல்லை. பழகிவிட்டிருந்தார்கள்.

*

வியாழக்கிழமை காலை என்னைக் குளிக்கச் சொல்லி, பச்சை மேலங்கி போட்டார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அதற்குள் வேறு எதுவும் உடுத்தக்கூடாது. முதுகுப்பக்கம் நாடா. என் வேட்டியையும் சட்டையையும் சிஸ்டர் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார். கட்டிலை மகால் மேடைக்குத் தள்ளுவதற்காக வராந்தாவின் நடுவில் நிறுத்தினார்கள். பால்வண்ணம் பாயையும் இழுத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் சுருண்டான். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரமாக்கிக்கொண்டிருந்தார்.

இட்லி வந்தது. அதிகாரி சொன்னபடியே 'தனித்தன்மை'. ஒவ்வொரு இட்லியும் ஒவ்வொரு வடிவில் இருந்தது.

"மாப்ளே, ஏறு," என்றேன்.

பால்வண்ணத்தால் தானாக ஏற முடியவில்லை. உடம்பு நெருப்பாகச் சுட்டது. தூக்கிக் கட்டிலில் போட்டேன். நானும் ஏறி, போர்வையை இரண்டு பேர் தலைக்கும் மேலே இழுத்துவிட்டேன். உள்ளே ப்ளாஸ்க்குக் காபி வாசனை அடித்தது.

"சட்டையக் கழட்டு."

"அத்தான், எனக்குக் கூச்சமா இருக்கு."

"சாகப்போறப்ப என்னல கூச்சம்?"

"யாரு சாகப்போறா?"

"ஒருத்தரும் இல்ல. கழட்டு."

அவன் சட்டையையும் கைலியையும் கழற்றித் தலைமாட்டில் போட்டான். நான் மேலங்கியைக் கழற்றி அவனுக்கு மாட்டினேன். நாடாவை நன்றாக இறுக்கிக் கட்டினேன். அவன் முதுகு சின்னப் பிள்ளை முதுகுபோல இருந்தது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக என் பக்கத்தில் உட்கார்ந்து, தாம்பாளத்துக் கல்கண்டு முழுவதையும் தின்றவன். இத்தனை நாள் உப்புமாவால் என் கை மெலிந்திருந்தது. பட்டை தானாகவே கழன்று வந்தது. அவன் கையில் அது சரியாகப் பொருந்தியது.

அவன் தன் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான்.

"அத்தான்."

"சொல்லு."

"நல்லாயி வந்தா ஒரே ஒரு வடை."

"ஒண்ணே ஒண்ணுதான்."

நான் போர்வையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு, பாய்க்கு இறங்கினேன். பாயில் நின்றபடியே அவன் தலைமாட்டில் கிடந்த கைலிக்குக் கையை நீட்டினேன்.

"இக்கணம் முதல்," என்றது ஒலிபெருக்கி.

கட்டடங்கள் பின்வாங்கின. வைரமுடி தன் பக்கம் போனது. ஒளிமதி தன் பக்கம் போனது. சக்கரக் கட்டில் வைரமுடியோடு உருண்டு உள்ளே போயிற்று. பால்வண்ணத்தையும் போர்வையையும் சட்டையையும் கைலியையும் அது கொண்டுபோனது. பாயையும் சுருட்டி இழுத்துக்கொண்டார்கள். கதவு மூடுவதற்கு முன் சிஸ்டர் ஜெபமணி குனிந்து பட்டையைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு அவன் மஞ்சள் கண்ணைப் பார்த்தார். பெரிய டாக்டர் ஓடி வந்தார். அவன் வயிற்றில் கை வைத்தார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

எங்கோ இரண்டு தேங்காய்கள் ஒரே நேரத்தில் உடையும் சத்தம் கேட்டது.

வராந்தா மறுபடியும் சாலையாகிவிட்டது. வெயில் விழுந்தது. அமைதி காக்கவும் என்ற பலகையை ஒருவர் கழற்றி எடுத்துப் போனார்.

டவுன் பஸ் வந்தது. வியாழக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். பலகை இல்லாததை அவர் பார்த்தார். என்னையும் பார்த்தார். கன்னம் உப்ப, இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து விசில் ஊதினார். பஸ் என் முன்னால் நின்றது. எல்லா ஜன்னலிலும் தலைகள் வந்தன.

மூன்றாவது ஜன்னலில் கோமு இருந்தாள். மடியில் தூக்குச்சட்டி.

"தம்பிக்கு ஆபரேஷன் ஆச்சா?" என்றாள்.

"உள்ள கொண்டு போயிட்டாவ."

"கட்டில்லதான?"

"கட்டில்லதான்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகுதான் என்னை முழுவதும் பார்த்தாள்.

கழுத்திலிருந்து பாஸ் தொங்கியது. கயிறு நீளமாக இருந்ததால் அதைத் தேவையான இடத்துக்கு இறக்கிப் பிடிக்க முடிந்தது.

பாஸ் சிறியது.